ஒரு நாள் தீவுப் பயணம்: எத்தனை தீவுகள் என்பதல்ல, எவ்வளவு நேரம் தண்ணீரில் என்பதே கணக்கு

நீங்கள், உங்கள் மனைவி, பத்து வயது மகள் ஆகிய மூவரும் வெப்பமண்டலத் தீவுக்கூட்டம் ஒன்றுக்கு விடுமுறையில் போகிறீர்கள். ஒரே நாளில் நான்கைந்து தீவுகளைப் படகில் சுற்றி, இடையிடையே ஸ்நார்கெலிங்கும் (முகத்தில் கண்ணாடி மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழலும் வைத்து, மேற்பரப்பில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய விரும்புகிறீர்கள். நீச்சல் சுமாராகத்தான் வரும், மூச்சுக்குழலை வாயில் வைத்துப் பழக்கமே இல்லை, எதைப் பார்த்துப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது, எதற்கெல்லாம் தயாராவது, மறுநாளே விமானம் இருக்கிறதே, அது சரிதானா என்பவை உங்கள் கேள்விகள். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். தீவுகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்யும் பயணத்தை விட்டுவிட்டு, இரண்டு அல்லது மூன்று இடங்களில் மட்டும் நின்று நிதானமாகத் தண்ணீரில் இறங்கவிடும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். அதிலும், முதல் ஸ்நார்கெலிங் இடத்துக்குக் காலை ஒன்பது மணியை ஒட்டிப் போய்ச் சேரும் படகாகப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இந்த இரண்டு முடிவுகள்தான் அந்த நாள் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை நான்கு மணிக்குத் திரும்பும் பயணத்தில் மொத்தம் எட்டு மணி நேரம் இருக்கிறது. தீவுகளுக்கு இடையே ஓடுவதற்கே இரண்டரை மணி நேரமாவது போகும், மதிய உணவுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் படகைக் கட்டி, மாஸ்க்குகளை விநியோகித்து, எல்லோரும் இறங்கி, பிறகு எல்லோரையும் ஏற்றி எண்ணிப் பார்த்துக் கிளம்ப எப்படியும் அரை மணி நேரம் பிடிக்கும். ஐந்து நிறுத்தங்கள் என்றால் இதற்கே இரண்டரை மணி நேரம் கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு மணி நேரம், அதையும் ஐந்தாகப் பிரித்தால் ஓர் இடத்துக்கு இருபத்தைந்து நிமிடம்கூடத் தேறாது. முதன்முறை இறங்குபவருக்கு மூச்சு சீராகி, பயம் தணிந்து, கண் எதையாவது பார்க்கத் தொடங்குவதற்கே பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும் என்பதால், பார்க்கத் தொடங்கிய கணத்தில் படகுக்காரர் விசிலடித்துக் கூப்பிடுவார்.

பட்டியலில் ஓர் இடத்தின் பெயர் இருப்பதாலேயே அங்கே தண்ணீரில் இறங்கலாம் என்றும் எண்ணிவிட வேண்டாம். தாய்லாந்தின் மாயா விரிகுடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டுக்கடங்காத கூட்டத்தால் பவளம் சிதைந்ததால் 2018-இல் மூடப்பட்ட அந்த விரிகுடா, 2022 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது படகுகள் உள்ளே நுழைவதற்கும் பயணிகள் நீந்துவதற்கும் தடை விதிக்கப்பட்டது. தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து சென்று கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். ஆகவே பதிவு செய்யும் முன்பே, எந்தெந்த இடத்தில் தண்ணீரில் இறங்குகிறோம், எந்த இடத்தைப் படகிலிருந்து பார்ப்பதோடு சரி என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை நேரத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் காற்று. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்று முற்பகலின் பிற்பகுதியிலிருந்து வலுக்கத் தொடங்கும். பிற்பகல் இரண்டு மணியளவில் அது பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். காற்று எழுந்தால் சிற்றலைகள் எழும், குழலுக்குள் தண்ணீர் தெறிக்கும், அடிமணல் கலங்கிப் பார்வை மங்கும். வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சூரியன் தலைக்கு நேராக இருக்கும் நண்பகல்தான் பவளப்பாறையைப் பார்க்கச் சிறந்த நேரம். காற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்பது முதல் பதினொன்றரை வரையிலான இடைவெளியே இரண்டுக்கும் பொருந்தி வருகிறது. குன்றேறிப் பார்க்கும் காட்சிமுனை, மணல்திட்டு, குகை போன்றவற்றைப் பிற்பகலுக்குத் தள்ளி வைத்திருக்கும் பயணத் திட்டம் கடலை அறிந்தவர் போட்ட திட்டம் என்று தாராளமாக நம்பலாம். காற்று எதிர்பாராமல் எழுந்துவிட்டால், நல்ல படகோட்டி திட்டத்தைக் கைவிட்டுத் தீவின் மறைவான பக்கத்துக்குப் படகைத் திருப்புவார். அப்போது பட்டியலில் இருந்த இடம் விட்டுப்போயிற்றே என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஏற்றவற்றத்தையும் கவனியுங்கள். கடல் ஏறும்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் பவளப்பாறையின் மேல் வந்து பரவுகிறது. வற்றும்போது கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் கலங்கிய நீர் வெளியே வருவதோடு, பவளத்துக்கு மேல் நிற்கும் நீரின் ஆழமும் குறைந்து, வயிறு உரசும் நிலை உண்டாகிறது. ஏற்றம் முடிந்து நீர் அசைவற்று நிற்கும் நேரத்தை ஒட்டி இறங்குவதே புதியவர்களுக்கு உகந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிகுந்து, தீவுகளுக்கு இடையிலான ஒடுங்கிய கால்வாய்களில் நீரோட்டம் வலுத்திருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் அது தணிந்திருக்கும். உங்களுக்குத் தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்குமானால், நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயன் தரும்.

பருவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெப்பமண்டலம் என்றாலே ஆண்டு முழுவதும் அமைதியான கடல் என்று பொருளில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அந்தமான் கடலை நோக்கிய தாய்லாந்துக் கரை கொந்தளிக்கும், அங்குள்ள சிமிலான் தீவுகள் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். அதே தீபகற்பத்தின் மறுபக்கத்தில், மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் வடகிழக்குப் பருவக்காற்றின்போது நவம்பர் முதல் ஏறக்குறைய பிப்ரவரி வரை பெரும்பாலும் பயணிகளுக்கு மூடிக் கிடக்கும். கரீபியன் பகுதியில் சூறாவளிப் பருவம் ஜூன் முதல் நவம்பர் இறுதி வரை. நாட்டின் பெயரைக் கொண்டு அல்ல, கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதைக் கொண்டுதான் மாதத்தை முடிவு செய்ய வேண்டும்.

படகைத் தேர்ந்தெடுப்பதில் வேகத்தைவிட ஒழுங்கு முக்கியம். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் தீவுக்கு அருகே சுற்றுலாப் படகு ஒன்று புயலலைகளில் சிக்கி மூழ்கி 47 பேர் இறந்தார்கள். கடலில் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கை ஏற்கெனவே விடுக்கப்பட்டிருந்தது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஸ்கூபா (முதுகில் காற்றுக்கலனோடு ஆழத்தில் மூழ்குவது) பயணிகள் இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. தலையெண்ணிக்கையில் நேர்ந்த பிழையே காரணம், அவர்கள் பிறகு கிடைக்கவே இல்லை. ஆகவே, வானிலை சரியில்லை என்றால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தருகிறார்களா என்று கேளுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை எண்ணுகிறார்களா என்று கவனியுங்கள். எண்ணவில்லை என்று தெரிந்தால், வெட்கப்படாமல் நீங்களே எண்ணச் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கிகள் ஆளுக்கொன்று வீதம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மூட்டை கட்டி அடியறையில் கிடக்கக் கூடாது. தண்ணீரிலிருந்து ஏறுவதற்கு ஏணி இருக்கிறதா என்பதும் பலர் கேட்க மறக்கும் ஒன்று. ஏணி இல்லாத படகில், களைத்த உடலோடு விளிம்பைப் பிடித்து உந்தி ஏறுவது இளைஞர்களுக்கே சிரமம்.

விரைவுப் படகில் செல்வதானால் முன்பக்க இருக்கைகளைத் தவிர்த்துப் பின்பக்கம் உட்காருங்கள். அலையின் மேல் முன்முனை எழும்பி அறையும்போது முன்னால் இருப்பவர்களின் முதுகெலும்பு ஏற்கும் அதிர்ச்சி சிறியதல்ல. அப்படி முள்ளெலும்பு நொறுங்கிய நிகழ்வுகள் உண்டு. கடல் பயணத்தில் குமட்டல் வரும் இயல்புள்ளவர்கள், மருத்துவரிடம் கேட்டு, அதற்குரிய மாத்திரையைப் படகேறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலைசுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் பெரும்பாலும் பலனிருக்காது. அந்த மாத்திரைகளில் பல தூக்கக் கலக்கத்தைத் தரக்கூடியவை என்பதால், முந்தைய நாள் ஒன்றைப் போட்டுப் பார்த்து உடல் எப்படி ஏற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நின்றுகொண்டிருக்கும் படகு, ஓடும் படகைவிட அதிகமாக ஆட்டிவைக்கும். ஆகவே குமட்டல் உள்ளவர்கள் முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கிவிடுவதே நிவாரணம்.

இனி, இந்தப் பதிலிலேயே நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். ஸ்நார்கெலிங் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் பிடிக்காமற்போனது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாஸ்க்தான். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கினுள் நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறும், பயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பொருத்தம் பார்ப்பது எளிது. பட்டையைப் பின்னால் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பொருந்துகிறது. விழுந்தால், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். இறுக்க இறுக்க ஓரம் மடங்கி இன்னும் கூடுதலாகக் கசிவதும் உண்டு. முடிக்கற்றை உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டருகில் சிறிது கசிவு இருந்தே தீரும். மகளுக்குப் பெரியவர்களுக்கான மாஸ்க் எந்த நிலையிலும் பொருந்தாது, சிறுவர் அளவு படகில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரே ஒரு பொருளைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போவதென்றால் அது அவளுக்கான மாஸ்க்காக இருக்கட்டும். புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும், பற்பசையால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். அதன்பின் ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் உள்ளே எச்சில் தடவி அலசிக்கொண்டால் போதும். அருவருப்பாகத் தோன்றினாலும் ஆழ்கடல் நீச்சல்காரர்கள் பலரும் செய்வது இதைத்தான்.

மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால், கிட்டப்பார்வைக்கு அரை டயாப்டர் (வில்லையின் ‘பவர்’ அளவு) இடைவெளிகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் வில்லைகள் பொருத்திய மாஸ்க்குகள் உள்ளன. தண்ணீருக்கடியில் பொருள்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரிவதால், குறைந்த அளவு கிட்டப்பார்வை உள்ளவர்கள் வில்லையில்லாமலே சமாளித்துவிடலாம். கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்குவதைக் கண் மருத்துவர்கள் விரும்புவதில்லை, நீரில் வாழும் சில நுண்ணுயிரிகள் லென்ஸுக்கும் விழிக்கும் இடையே தங்கித் தொற்றை உண்டாக்கலாம். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்குகள் புதியவர்களுக்கு வசதியாகத் தோன்றும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர் புகுந்தால் சட்டெனத் துப்பி வெளியேற்ற முடியாது, அவசரத்தில் கழற்றுவதும் எளிதல்ல, சில வகைகளில் விட்ட மூச்சையே மீண்டும் இழுக்கும் சிக்கலும் இருக்கிறது.

குழல் ஏன் முப்பத்தைந்து நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருப்பதில்லை என்று மகள் கட்டாயம் கேட்பாள். இரண்டு காரணங்கள். குழல் நீள நீள, வெளியே போகாமல் உள்ளேயே தங்கும் பழைய காற்றின் அளவு கூடி, அதையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். மேலும், ஒரு மீட்டர் ஆழத்திலேயே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக மார்பை அழுத்துவதால், மேலிருந்து வரும் காற்றை இழுக்க மார்புத் தசைகளால் இயலாது. இதை அறிந்துகொண்டால், தண்ணீரில் மூச்சை எப்படி விட வேண்டும் என்பதும் விளங்கிவிடும். வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு விட்டால் குழலில் உள்ள பழைய காற்றுதான் மேலும் கீழும் போய்வரும். மெதுவாக, ஆழமாக, முழுவதும் வெளியே விட்டு இழுக்க வேண்டும். குழலில் தண்ணீர் நுழைந்தால் ‘தூ’ என்று ஒரே உந்தில் ஊதித் தள்ளிவிடலாம். இதைப் படகில் ஏறிய பிறகு கற்றுக்கொள்ளாதீர்கள். முந்தைய நாளே, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி மூவரும் பழகிவிடுங்கள்.

நீச்சல் சுமார் என்பதால் உயிர்காப்பு அங்கி வேண்டும் என்பதில் தயக்கம் வேண்டாம். மேற்பரப்பில் மிதந்துகொண்டு பார்ப்பவருக்கு அது எந்த விதத்திலும் குறையில்லை. மகள் போட்டிருக்கும் அங்கியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், அது காதுவரை ஏறினால் அளவு பெரிது. துடுப்புக் காலணியோடு நீந்தும்போது முழங்காலை மடக்கி மிதிவண்டி மிதிப்பதுபோல் உதைக்காமல், இடுப்பிலிருந்து நீளமாக, மெதுவாக உதைக்க வேண்டும். இறங்கியதும், அடியில் உள்ள ஏதாவதொரு பாறையைக் குறி வைத்து, உடலை அசைக்காமல் மிதந்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். முதல் பாதியில் அதற்கு எதிராகப் போனால், களைத்த பிறகு திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்த்துவிடும். இருபத்தெட்டுப் பாகை வெப்பத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆயினும் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துவதால், அரை மணி நேரத்தில் குழந்தைகளுக்கு உதடு நடுங்கத் தொடங்கும், அப்போது இன்னும் கொஞ்ச நேரம் என்ற கெஞ்சலுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஸ்நார்கெலிங்கில் நேரும் இறப்புகளில் சுறாவுக்குப் பங்கு இல்லை என்றே சொல்லிவிடலாம். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள், இதயக் கோளாறு அல்லது உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சத்தமே இல்லாமல், மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செயலிழந்து போகிறார்கள். முகம் கீழ்நோக்கி அசையாமல் மிதப்பவர் ரசித்துக்கொண்டிருக்கிறாரா, நினைவிழந்துவிட்டாரா என்று தூரத்திலிருந்து தெரியாது. அதனால் இருவர் இருவராகக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதும், பெற்றோர் இருவரில் ஒருவர் எப்போதும் மகளையே பார்த்துக்கொண்டிருப்பதும் கட்டாயம். தண்ணீர் எதுவும் உள்ளே போகாமலே மூச்சுத் திணறினால், மாஸ்க்கைக் கழற்றி, நிமிர்ந்து மிதந்து, கையை உயர்த்தி அசைத்துப் படகைக் கூப்பிட்டு வெளியேறிவிட வேண்டும், சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டு அடியில் மூழ்கும் விளையாட்டும் வேண்டாம். உடலில் கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சு முட்டும் எச்சரிக்கையே வராமல் நினைவு தப்பும்.

பார்ப்பதற்கு எங்கே போவது? எல்லோரும் படகுக்கு அடியிலேயே வட்டமிடுவார்கள். தட்டையான பவளப்பரப்பு முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பை நோக்கி வழிகாட்டியோடு செல்லுங்கள், மீன்கள் திரள்வது அங்கேதான். காதைக் கூர்ந்து வைத்தால் மொறுமொறுவென்று கடிக்கும் ஓசை கேட்கும், கிளிமீன்கள் பாறையைச் சுரண்டித் தின்னும் ஓசை அது. அவை கழிவாக வெளியேற்றும் பவளத் துகள்கள்தான் நீங்கள் மதியம் உட்காரப்போகும் வெண்மணலில் கணிசமான பகுதி. புகைப்படங்களில் காணும் செக்கச்சிவந்த பவளங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடுவதால் ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். தவிரவும், நலமாக உள்ள கெட்டிப் பவளங்கள் பெரும்பாலும் பழுப்பும் மஞ்சளும் கலந்த மங்கல் நிறத்தில்தான் இருக்கும், அந்த நிறம் அவற்றுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளுடையது. கடல் அதன் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் சூடேறினாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துவிடுகிறது. 1998, 2010, 2014 முதல் 2017 வரை எனத் தொடர்ந்த உலகளாவிய வெளுப்பின் நான்காம் நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. பளீரென்ற வெள்ளையைப் பார்த்து அழகென்று மயங்கிவிட வேண்டாம், அது பட்டினி கிடக்கும் பவளம்.

கிளைக்கும் பவள வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வளரக்கூடும், உருண்டைப் பாறைபோல் வளர்பவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. களைத்ததும் பவளத்தின் மேல் கால் ஊன்றி நிற்கத் தோன்றுவது இயல்பு, அப்படி மிதித்து உடைக்காமல் இருக்கத்தான் மேலே உயிர்காப்பு அங்கி. படகு நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடாமல், நிலையாகக் கட்டப்பட்டுள்ள மிதவையில் கட்டுகிறதா என்றும் பாருங்கள். வெயில் காப்புக் களிம்புகளில் உள்ள ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று, பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும் அமெரிக்காவின் ஹவாய் 2021 முதலும் தடை செய்துள்ளன. களிம்பைவிட நீளக் கை வைத்த நீச்சல் சட்டையே மேல், முதுகு கருகாமல் தப்புவதற்கு அதைவிட உறுதியான வழியில்லை. பிடரி, முழங்காலின் பின்பக்கம், காதுமடல், வகிடு ஆகியவற்றுக்கு மட்டும் களிம்பு தேவைப்படும்.

ஆபத்தான உயிரினங்கள் என்று அஞ்ச வேண்டியவை சிலவே. ஆழமற்ற மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிவிடும். திருக்கை அல்லது கல்மீன் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவு, ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகைச் சூட்டில் உள்ள நீரில் காலை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். பெட்டிச் சொறிமீன்கள் உள்ள கடல் என்றால், கொட்டிய இடத்தில் ஊற்றுவதற்குப் படகில் வினிகர் வைத்திருப்பார்கள், சிறுநீர் ஊற்றும் வைத்தியத்தில் பலனில்லை. முட்டையிட்டுக் காவல் காக்கும் பெரிய கிளாத்தி மீன் விரட்டினால் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகி நீந்துங்கள், ஏனெனில் அது தனதென்று காக்கும் எல்லை கூட்டுக்கு நேர் மேலே போகப் போக அகன்றுகொண்டே செல்கிறது. பவளம் கீறிய காயத்தைச் சிறியதென்று விடாமல் அன்றே நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், அது ஆற நாளாகும்.

மறுநாள் விமானம் இருக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். மேற்பரப்பில் மிதந்து பார்ப்பதற்கும் விமானப் பயணத்துக்கும் எந்த முரணும் இல்லை. அதே நாளில் படகில் ஸ்கூபாவும் செய்து பார்க்கலாம் என்று உங்களை ஆசைகாட்டினால்தான் கணக்கு மாறும். ஒரு முறை மூழ்கினால் பன்னிரண்டு மணி நேரமும், பலமுறை மூழ்கினால் பதினெட்டு மணி நேரமும் கழிந்த பிறகே விமானம் ஏற வேண்டும்.